மணமுறிவு வழக்குக் காலத்தில் சொத்துப் பாதுகாப்பு ஆணைகள்: இந்தியச் சட்டத்தில் சிதறிக் கிடக்கும் ஏற்பாடுகள்

ஆய்வுச் சுருக்கம்

மணமுறிவு வழக்கு தொடங்கும் நாளுக்கும் தீர்ப்பு வரும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கடந்துவிடுவதுண்டு. அந்த இடைவெளியில் விற்பனை, தானம், அடமானம், வங்கிக் கணக்கைக் காலி செய்தல் ஆகியவற்றின் வழியே சொத்துகள் கைமாறினால், இறுதியில் கிடைக்கும் தீர்ப்பு நிறைவேற்ற முடியாத தாளாக எஞ்சும். இதைத் தடுக்கும் தனியொரு ஏற்பாடு இந்தியக் குடும்பச் சட்டத்தில் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம், இந்து திருமணச் சட்டம், குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், சொத்து மாற்றுச் சட்டம் ஆகிய ஐந்திலும் அதற்கான கூறுகள் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் எந்தச் சொத்தை, எந்த நிபந்தனையில், எவ்வளவு உறுதியாகக் காக்கிறது என்பதை விளக்கி, இப்பாதுகாப்பு முழுவதும் மனுதாரர் முன்வைக்கும் கோரிக்கையின் தன்மையைச் சார்ந்தே அமைகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மணமுறிவு, தற்காலிக உறுத்துக்கட்டளை, தீர்ப்புக்கு முந்தைய பற்றுகை, பகிர்ந்து வாழும் இல்லம், சீதனம், சொத்து விவரப் பிரமாணப் பத்திரம்

முன்னுரை

மணவாழ்வு முறியும்போது எழும் வழக்குகளில் குழந்தைகளின் பொறுப்பும் பராமரிப்புத் தொகையும் பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றுக்கு அடிப்படையான பொருள்வளம் வழக்கு முடியும்வரை இருந்த இடத்தில் இருக்குமா என்ற வினா அவ்வளவாக ஆராயப்படுவதில்லை. பராமரிப்புக்கான ஆணையைப் பெற்ற ஒருவர், அதை நிறைவேற்றும் கட்டத்தில் எதிர்த்தரப்பினர் பெயரில் எதுவுமே இல்லை என்று அறிய நேர்ந்தால், நீதிமன்றம் வழங்கிய உரிமைக்குப் பொருளில்லாமல் போகிறது.

சிக்கலைத் தெளிவாக்க ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். செங்கல்பட்டு மாவட்டத்தில் வாழும், இந்து திருமணச் சட்டத்திற்கு உட்பட்ட ஒரு தம்பதியர் இருவரும் பணியில் உள்ளனர். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடு கணவர் பெயரில் பதிவாகியுள்ளது. வீட்டுக்கடனின் மாதத் தவணையை இருவர் ஊதியத்திலிருந்தும் செலுத்தி வந்துள்ளனர். கணவர் பெயரில் வங்கி வைப்புத்தொகை ஒன்று உண்டு. திருமணத்தின்போது மனைவியின் பிறந்த வீட்டார் அளித்த 40 சவரன் நகை இருவர் பெயரிலும் உள்ள வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. உறவு முறிந்து வழக்கறிஞர் அறிவிப்பு வந்த சில நாட்களில், கணவர் வீட்டைத் தம் தாயார் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் செய்யவும், வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுக்கவும் முற்படுகிறார். வீடு, வைப்புத்தொகை, நகை ஆகிய இம்மூன்றுக்கும் சட்டம் மூன்று வெவ்வேறு விடைகளைத் தருகிறது.

மணவாழ்க்கைச் சொத்து என்னும் கருத்தின்மை

இங்கிலாந்து, அமெரிக்காவின் கலிபோர்னியா முதலிய இடங்களில் மணமுறிவின்போது தம்பதியரின் சொத்துகளைப் பங்கிடும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு. பங்கிடப்படவேண்டிய தொகுதி ஒன்று இருப்பதால், அதைக் கலையாமல் காக்கும் ஆணையும் இயல்பாகவே உடன் அமைகிறது. இந்தியாவில் போர்த்துக்கீசிய உரிமையியல் சட்டத்தின் வழி வந்த சொத்துப் பொதுமை முறை கோவாவில் வழங்குகிறது. பிற பகுதிகளில் திருமணம் என்பது சொத்துரிமையை மாற்றுவதில்லை. யார் பெயரில் சொத்து உள்ளதோ அவரே உரிமையாளர் என்பதே தொடக்க நிலை.

இந்து திருமணச் சட்டம், 1955இன் 27ஆம் பிரிவு இதற்கு ஒரு குறுகிய விலக்கு. திருமணத்தின்போது அல்லது அதையொட்டி அளிக்கப்பட்டு, இருவருக்கும் கூட்டாக உரியதாகக்கூடிய சொத்தைப் பற்றி மட்டுமே நீதிமன்றம் தன் தீர்ப்பாணையில் ஏற்பாடு செய்யலாம். திருமணத்தோடு தொடர்புடைய அன்பளிப்பாக இருப்பின், அது திருமணத்திற்கு முன்னோ பின்னோ தரப்பட்டிருந்தாலும் இப்பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் விரித்துப் பொருள் கொண்டது. ஆயினும் மணவாழ்வின் இடையில் தவணை கட்டி வாங்கிய வீடு இதன் எல்லைக்குள் எளிதில் வருவதில்லை.

இந்நிலையை மாற்றும் முயற்சியாகத் திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா 2010இல் அறிமுகமானது. கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு அளிக்கும் கூறு சேர்க்கப்பட்டு, 2013இல் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது; மக்களவையில் நிறைவேறாமலே அது காலாவதியானது. நீதித்துறை வழியே சிறு அசைவு நிகழ்ந்துள்ளது. மனைவியின் இல்லப் பணியும் சொத்து ஈட்டலுக்கான பங்களிப்பே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஏற்றது. மேலும், பினாமிப் பரிவர்த்தனைத் தடைச் சட்டத்தின்படி, ஒருவர் தம் அறியப்பட்ட வருவாயிலிருந்து வாழ்க்கைத் துணையின் பெயரில் வாங்கும் சொத்து பினாமிச் சொத்தாகாது. எனவே பெயரளவு உரிமையைக் கடந்து பங்களிப்பை நிறுவ வழி அடைபடவில்லை. ஆனால் அது சான்றுகளால் நிறுவப்பட வேண்டிய கோரிக்கை. திருமணத்தால் தானே விளையும் உரிமையாகாது.

இதன் விளைவு முதன்மையானது. சொத்து பங்கிடப்படும் என்ற அடிப்படை இல்லாததால், இந்தியாவில் பாதுகாப்பு ஆணை கோருபவர் முதலில் தம் கோரிக்கை எது என்று வரையறுக்க வேண்டும். உரிமைக் கோரிக்கையா, பராமரிப்புக் கோரிக்கையா, உறைவிடக் கோரிக்கையா என்பதைப் பொறுத்தே கிடைக்கும் ஆணையின் வகை அமைகிறது.

குடும்பநல நீதிமன்றத்தின் அதிகார வரம்பு

குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், 1984இன் 7ஆம் பிரிவு விளக்கம், தம்பதியருக்கு இடையே அவர்களின் அல்லது அவர்களில் ஒருவரின் சொத்து குறித்த வழக்கையும், மணவுறவின் சூழலில் எழும் உறுத்துக்கட்டளைக் கோரிக்கையையும் இந்நீதிமன்றத்தின் வரம்பிற்குள் வைக்கிறது. 8ஆம் பிரிவு அதே பொருளில் பிற உரிமையியல் நீதிமன்றங்களின் அதிகாரத்தை விலக்குகிறது. 10ஆம் பிரிவு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைப் பொருத்துகிறது. ஆகவே மணமுறிவு மனுவோடு நின்றுவிடாமல், வீட்டில் தமக்குள்ள பங்கை அறிவிக்கக் கோரும் வழக்கையும் மனைவி அதே நீதிமன்றத்தில் தொடர முடியும். இவ்வாறு தொடர்வதன் நடைமுறைப் பயன் அடுத்த பகுதியில் புலனாகும்.

இச்சட்டத்தின் 19ஆம் பிரிவு இடைக்கால ஆணைகளுக்கு எதிரான மேல்முறையீட்டை அனுமதிப்பதில்லை. பாதுகாப்பு ஆணை மறுக்கப்பட்டவர் அரசமைப்புச் சட்டத்தின் 227ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வை அதிகாரத்தையே நாட வேண்டியுள்ளது. சொத்து நாள்தோறும் நழுவக்கூடிய சூழலில் முதல் விசாரணையிலேயே போதிய ஆவணங்களை முன்வைப்பது இதனால் இன்றியமையாததாகிறது.

உறுத்துக்கட்டளையும் பற்றுகையும்

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908இன் கட்டளை 39, விதி 1 குறிப்பிடும் சூழல்களில் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. வழக்கிற்குரிய சொத்தே வீணாக்கப்படவோ கைமாற்றப்படவோ கூடிய ஆபத்தில் இருப்பது முதலாவது. எதிர்த்தரப்பினர் தம் கடனீந்தோரை ஏமாற்றும் நோக்கில் சொத்தை அகற்ற அல்லது விற்க முனைவது இரண்டாவது. வெறும் மணமுறிவு மனுவில் எந்தச் சொத்தும் வழக்கிற்குரியதாக இல்லை. எனவே முதற்சூழல் பொருந்த, சொத்தின் மீதான கோரிக்கை தனியே எழுப்பப்பட்டிருக்க வேண்டும். வீட்டுப் பங்கு குறித்த வழக்கின் முதற்பயன் இதுவே.

உறுத்துக்கட்டளை வழங்க முதல் தோற்றத்தில் வழக்கு உண்மையெனத் தெரிதல், வசதியின் சமநிலை, ஈடுசெய்ய முடியாத இழப்பு ஆகிய மூன்றும் நிறுவப்பட வேண்டும். எதிர்த்தரப்பிற்கு அறிவிப்புத் தராமல் ஆணை வழங்கப்படின், அதற்கான காரணத்தை நீதிமன்றம் விதி 3இன்கீழ் பதிவுசெய்ய வேண்டும். விதி 3அ-வின்படி அம்மனுவை 30 நாட்களுக்குள் முடிவுசெய்ய முயல வேண்டும். ஆணையை மீறுபவரின் சொத்தைப் பற்றுகை செய்யவும், அவரை 3 மாதங்கள்வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் விதி 2அ இடமளிக்கிறது.

கட்டளை 38, விதி 5 மற்றொரு கருவியைத் தருகிறது. வரவிருக்கும் தீர்ப்பாணையின் நிறைவேற்றத்தைத் தடுக்கும் அல்லது தாமதப்படுத்தும் நோக்கில் எதிர்த்தரப்பினர் சொத்தை விற்கவோ நீதிமன்ற எல்லைக்கு வெளியே கொண்டுசெல்லவோ முற்பட்டால், பிணையம் தருமாறு அல்லது காரணம் காட்டுமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். தவறினால் சொத்தைத் தீர்ப்புக்கு முன்பே பற்றுகை செய்யலாம். இங்குச் சொத்து வழக்கிற்குரியதாக இருக்க வேண்டியதில்லை. பணக் கோரிக்கைக்கும் இது பொருந்தும் என்பதால், வைப்புத்தொகையைக் காக்க இவ்விதி உதவக்கூடும். ஆயினும் இது கடுமையான, அரிதாகவே பயன்படுத்தத்தக்க அதிகாரம் என்றும், பிணையற்ற கடனைப் பிணையுள்ளதாக மாற்றும் உத்தியாக இதைக் கையாளக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2008இல் எச்சரித்தது. வெறும் அச்சம் போதாது. நோக்கத்தைக் காட்டும் குறிப்பான செய்திகள் வேண்டும். விதி கூறும் நடைமுறையைப் பின்பற்றாத பற்றுகை செல்லாது.

இவ்விரண்டின் விளைவிலும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. உறுத்துக்கட்டளை ஆளைக் கட்டுப்படுத்துகிறது. பற்றுகை சொத்தைக் கட்டுப்படுத்துகிறது. பற்றுகைக்குப் பின் நிகழும் தனியார் விற்பனை, அப்பற்றுகையின்கீழ் நிறைவேற்றத்தக்க கோரிக்கைகளைப் பொறுத்தவரை செல்லாது என்று நடைமுறைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு நேரடியாகவே கூறுகிறது. உறுத்துக்கட்டளையை மீறிய விற்பனைக்கு அத்தகைய வெளிப்படையான விதி இல்லை. மீறியவரைத் தண்டிப்பதோடு, கைமாறிய சொத்தின் நிலையைத் தனியே வாதிட வேண்டியிருக்கும். எளிதில் கிடைக்கும் ஆணை குறைந்த உறுதியுடையதாகவும், உறுதிமிக்க ஆணை எட்டுவதற்கு அரியதாகவும் அமைந்திருப்பது இந்த முறையின் உள்ளார்ந்த முரண்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் அகன்ற எல்லை

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, இக்குறையைக் கணிசமாக ஈடுசெய்கிறது. இதன் 3ஆம் பிரிவு வரையறுக்கும் பொருளாதார வன்முறையில், அசையும் அசையாச் சொத்துகள், பங்குப் பத்திரங்கள், வீட்டுப் பொருட்கள் முதலியவற்றைக் கைமாற்றுவதும் அடங்கும். சொத்தை மறைப்பது இங்கு வழக்கு உத்தி என்ற நிலையிலிருந்து வன்முறை என்ற நிலைக்கு மாறுகிறது.

18ஆம் பிரிவின் (உ) கூறு, நீதித்துறை நடுவரின் அனுமதியின்றிச் சொத்துகளைக் கைமாற்றுவதையும், வங்கிப் பெட்டகங்களையும் கணக்குகளையும் இயக்குவதையும் தடைசெய்ய வழிசெய்கிறது. கூட்டாக உள்ள கணக்கோடு எதிர்மனுதாரரின் தனிக் கணக்கும், மனைவியின் சீதனமும் இதில் வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டுள்ளன. 19ஆம் பிரிவு, பகிர்ந்து வாழும் இல்லத்தை விற்பதையும் அடமானம் வைப்பதையும் அதிலுள்ள உரிமையைத் துறப்பதையும் தடுக்கிறது. வீடு யார் பெயரில் உள்ளது என்பது இங்கு முடிவான அளவுகோல் அன்று. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடும் பகிர்ந்து வாழும் இல்லமாக அமையலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தெளிவுபடுத்தி, 2006இல் கொண்ட மாறான நிலைப்பாட்டை நீக்கியது.

23ஆம் பிரிவு இடைக்கால ஆணைக்கும், எதிர்த்தரப்பைக் கேளாமல் தரும் ஆணைக்கும் இடமளிக்கிறது. 26ஆம் பிரிவின்படி இந்நிவாரணங்களைக் குடும்பநல நீதிமன்றத்திலேயே, நடந்துகொண்டிருக்கும் மணமுறிவு வழக்கிலேயே கோரலாம். பாதுகாப்பு ஆணையை மீறுவது 31ஆம் பிரிவின்கீழ் ஓராண்டுவரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் வீடு, வைப்புத்தொகை, நகை மூன்றையும் ஒரே மனுவில் தொடக்கூடிய சட்டம் இதுவே. நகையைப் பொறுத்தவரை மனைவியின் நிலை மேலும் வலுவானது. சீதனம் மனைவியின் முழு உரிமைச் சொத்து. மணவாழ்வில் நுழைந்ததால் கணவர் அதில் கூட்டுரிமை பெறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1985இல் உறுதிசெய்தது. அதைத் திருப்பித் தருமாறு ஆணையிடவும் 19ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது.

இதன் எல்லைகளும் கருதத்தக்கவை. மனுதாரர் பெண்ணாக இருத்தல் வேண்டும்; குடும்ப வன்முறை நிகழ்ந்தது அல்லது நிகழக்கூடும் என்பது முதல் தோற்றத்தில் காட்டப்பட வேண்டும். உறைவிட ஆணை வாழும் உரிமையைக் காக்கிறதேயன்றி உரிமைப் பங்கை வழங்குவதில்லை. கூட்டுச் சொத்தை மனைவி கைமாற்றிவிடுவார் என்று அஞ்சும் கணவர், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் வழியையே நாட வேண்டும்.

வழக்கு நிலுவைக் கோட்பாடும் மூன்றாம் நபர்களும்

சொத்து மாற்றுச் சட்டம், 1882இன் 52ஆம் பிரிவு, அசையாச் சொத்தின் உரிமை நேரடியாகவும் குறிப்பாகவும் வழக்கில் இருக்கும்போது நிகழும் மாற்றம் அவ்வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது என்கிறது. இதற்கு நீதிமன்றத்தின் தனி ஆணை தேவையில்லை. மணமுறிவு மனு மட்டும் நிலுவையில் இருந்தால் இப்பிரிவு இயங்காது. குறிப்பிட்ட வீட்டின் மீது பராமரிப்புக்கான பொறுப்பை ஏற்றுமாறு கோரும் வழக்கிலோ, அவ்வீட்டில் பங்கு கோரும் வழக்கிலோ இது இயங்கும். சொத்தின் நான்கெல்லை விவரத்தை மனுவில் துல்லியமாகச் சேர்ப்பது இதனால் வெறும் சடங்காக இல்லாமல் பாதுகாப்பின் ஒரு பகுதியாகிறது.

தாயார் பெயருக்கான செட்டில்மெண்ட் வழக்கிற்கு முன்பே பதிவாகிவிட்டால் நிலை கடினமாகும். தமிழ்நாட்டில் நெருங்கிய உறவினருக்கிடையே இத்தகைய பத்திரங்கள் சலுகைக் கட்டணத்தில் பதிவாவதால் இவ்வழி எளிதாகவும் உள்ளது. சொத்தின் வருவாயிலிருந்து பராமரிப்புப் பெறும் உரிமை ஒருவருக்கு இருப்பின், விலையின்றிப் பெற்றவருக்கும் அவ்வுரிமையை அறிந்து வாங்கியவருக்கும் எதிராக அதைச் செலுத்தலாம் என்று அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு கூறுகிறது. அறியாமல் விலைகொடுத்து வாங்கியவர் காக்கப்படுகிறார். எனவே ஆணை கிடைத்தவுடன் அதன் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்திற்கும் வங்கிக்கும் அனுப்புதல், வில்லங்கச் சான்றை அவ்வப்போது பெற்றுப் பார்த்தல் ஆகியன ஆணையைப் போலவே முக்கியமாகின்றன. வருங்கால வைப்புநிதி போன்ற சில சொத்துகள் பற்றுகையிலிருந்து சட்டத்தாலேயே விலக்குப் பெற்றவை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

சொத்து விவரப் பிரமாணப் பத்திரம்

எச்சட்டத்தை நாடினாலும் ஒரு முன்நிபந்தனை பொதுவாக உள்ளது: காக்கவேண்டிய சொத்து எது, எங்கே உள்ளது என்று மனுதாரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குடும்ப நிதியை ஒருவரே கையாளும் இல்லங்களில் மற்றவருக்கு வங்கிக் கிளையின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். இவ்விடத்தில்தான் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு சிறப்புப் பெறுகிறது. பராமரிப்புக் கோரும் வழக்குகளில் இரு தரப்பினரும் சொத்துகளையும் கடன்களையும் விவரிக்கும் பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்மனுதாரர் 4 வாரங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு 2 வாய்ப்புகளுக்கு மேல் தரலாகாது என்று அது நெறிப்படுத்தியது. வேண்டுமென்றே தாமதிப்பவரின் எதிர்வாதத்தை நீக்கலாம். பொய்யுரைத்தவர்மீது நடவடிக்கை எடுக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 340ஆம் பிரிவாக அங்குக் குறிக்கப்பட்ட இந்நடவடிக்கை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 379ஆம் பிரிவில் அமைந்துள்ளது.

இப்பத்திரம் பராமரிப்புத் தொகையைக் கணக்கிடவே வகுக்கப்பட்டது. எனினும் அது குறிப்பிட்ட நாளில் இருந்த சொத்துகளின் பட்டியலாக அமைவதால், பின்னர் குறையும் எதையும் சுட்டிக்காட்ட உதவுகிறது. கட்டளை 38 கோரும் நோக்கத்தை நிறுவவும் அது சான்றாகலாம். அதன் குறை காலம் சார்ந்தது. அறிவிப்புப் பெற்ற நாளுக்கும் பத்திரம் தாக்கலாகும் நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களில் சொத்தை அசைக்கக் கூடாது என்று எந்தப் பொதுத் தடையும் இல்லை. விவரம் கேட்கும் ஏற்பாடே எதிர்த்தரப்பை விழிப்படையச் செய்கிறது.

ஒப்பீடு

இங்கிலாந்தின் மணவழக்குகள் சட்டம், 1973இன் 37ஆம் பிரிவு, மற்றவரின் நிதிக் கோரிக்கையைத் தோற்கடிக்கும் நோக்கிலான மாற்றத்தைத் தடுக்கவும், நிகழ்ந்துவிட்டதை நீக்கவும் இடமளிக்கிறது. கோரிக்கையைத் தோற்கடிக்கும் விளைவுடைய மாற்றம் மனுவிற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள் நிகழ்ந்திருந்தால் நோக்கம் இருந்ததாகவே சட்டம் அனுமானிக்கிறது. இல்லையெனக் காட்டும் சுமை மாற்றியவருக்கு உரியது. நல்லெண்ணத்துடன் விலைகொடுத்து வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கலிபோர்னியாவில் மணமுறிவு அழைப்பாணையிலேயே தடை அச்சிடப்பட்டுள்ளது. மனுதாரரை வழக்குத் தொடங்கியதும், எதிர்மனுதாரரை அழைப்பாணை சேர்ந்ததும் அது கட்டுப்படுத்துகிறது. வாழ்க்கைத் தேவைக்கும் வழக்கமான தொழிலுக்கும் வழக்கறிஞர் கட்டணத்திற்கும் அதில் விலக்கு உண்டு.

முதலாவது மெய்ப்பிக்கும் சுமையை மாற்றுகிறது. இரண்டாவது கால இடைவெளியை அடைக்கிறது. இந்திய முறையில் காணப்படும் இரு பெருங்குறைகளும் இவையே. இந்தத் தீர்வுகளை ஏற்க முழுமையான சொத்துப் பங்கீட்டு முறை வந்தாக வேண்டும் என்பதில்லை. பராமரிப்பு, சீதனம், உறைவிடம் ஆகிய இப்போதுள்ள உரிமைகளைக் காக்கவே அவை பயன்படும். அதே வேளையில் பொதுத் தடை, மருத்துவச் செலவு, கடன் தவணை, பெற்றோர் பராமரிப்பு ஆகியவற்றை முடக்கிவிடாதவாறு வரையறுக்கப்பட வேண்டும். இருவரையும் சமமாகக் கட்டுப்படுத்தும்போதே அது பழிவாங்கும் கருவியாகாமல் இருக்கும்.

முடிவுரை

இந்தியாவில் மணமுறிவுக் காலச் சொத்துப் பாதுகாப்பு, சொத்தைப் பின்தொடராமல் கோரிக்கையைப் பின்தொடர்கிறது. எடுத்துக்காட்டில் கண்ட நகை சீதனம் என்பதால் வலுவாகவும், வீடு உறைவிடம் என்ற அளவிலும் பங்குக் கோரிக்கை எழுப்பப்பட்ட அளவிலும், வைப்புத்தொகை பொருளாதார வன்முறையோ மோசடி நோக்கமோ காட்டப்பட்ட அளவிலும் காக்கப்படுகின்றன. மணமுறிவு மனுவை மட்டும் தாக்கல் செய்தவருக்கு இவற்றில் எதுவும் தானாகக் கிடைப்பதில்லை. எனவே கோரிக்கைகளைத் தொடக்கத்திலேயே வகுத்து, சொத்து விவரங்களுடன் குடும்பநல நீதிமன்றத்தில் ஒருங்கே எழுப்புவது இன்றைய சட்டத்திற்குள் உள்ள உறுதியான வழி. அறிவிப்பு சேர்ந்த நாள் முதல் பிரமாணப் பத்திரம் தாக்கலாகும்வரை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் குறுகிய காலப் பொதுத் தடையும், அண்மைக்கால உறவினர் மாற்றங்கள் குறித்த மறுக்கத்தக்க அனுமானமும் சட்டமாக்கப்பட்டால், தீர்ப்பு வரும் நாளில் அதை நிறைவேற்றப் பொருள் எஞ்சியிருக்கும்.